பனியில் எழுந்த குப்பைமேடு

நகரத்துக் காட்டில் காலைப் பனி இறங்கினால், அந்த இடத்தின் பழைய நாட்கள் அதில் படமாக அசையும். மான்கள் மேய்வதைப் பார்த்து, நடக்க வந்தவர்கள் சொக்கிப்போவார்கள். பனியில் ஓடும் அந்தப் படங்களைத் தயாரிப்பது தமயந்தியின் வேலை.

"இங்க ஏதுடி மானு? இந்த எடத்துல குப்ப பொறுக்கித்தானே உன்ன காலேஜுல சேத்தேன்?" என்று சிரித்தாள் அவள் அம்மா அஞ்சலை.

"இன்னிக்குப் பாரும்மா."

வேலை போனாலும் போகட்டும் என்று மான் படங்களை அழித்திருந்தாள் தமயந்தி. காடு வருமுன் அங்கிருந்த குப்பைமேடு பனிக்குள் மெல்ல எழுந்தது. உச்சியில் கோணியும் கொக்கியுமாக இளவயது அஞ்சலை நின்றாள்.

"ஐய, எம்மாம் ஒல்லியா கீறேன் பாரு!" அம்மா பூரித்துப்போனாள்.

பனிக்கு நாற்றம் கிடையாது. சுற்றிலும் மரமல்லிதான் மணத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நடக்க வந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.