எட்டாம் நம்பர் மோட்டார்

நிம்மதியின் விலை ஆறாயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. தறி மோட்டார் சூடேறினால் செல்போனுக்குச் சொல்லும் சென்சாரை அப்படித்தான் விற்றாள் ஜெஸ்லின்.

இன்று சங்கரன்கோவிலில், சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் தறிக்கூடத்தில் சோதனை. எட்டு மோட்டாரில் ஒன்று தவறினாலும் ஆர்டர் கிடையாது. எட்டாவதன் சிக்னல் காலையிலிருந்து நாலு தடவை போய்ப் போய் வந்தது. ஜெஸ்லினுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்னம்மா, மோட்டாரு வெளிய போய்ட்டு வருதோ?" என்றார் அண்ணாச்சி.

எட்டாவது சென்சாரை மாட்டச் சொல்லியிருந்த தறிக்காரன் வீரபாண்டியைக் கூப்பிட்டார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான்.

"வெல கூடுன சாமான், பத்திரமா வச்சிருன்னியளே அண்ணாச்சி."

காலையிலிருந்து அவன் வெளியே போய்க் குடித்த நாலு டீயும் அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

"மோட்டாருக்கு வேண்டாம்மா. ஆளுக்கு ஒண்ணா இருபது போடு."

"அண்ணாச்சிக்கும் ஒண்ணு சேத்துக்கோங்க," என்றான் வீரபாண்டி. "அதப் பாக்குற ஆப்பு ஒங்க வீட்டுல அக்கா போன்ல இருக்கட்டும்."

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

"மோட்டாருக்கு எட்டு, ஆளுக்கு ஒண்ணும் இல்ல. ஆக எட்டும்மா."