புயல்குருவிக்காக ஏழு முறை

“அம்மா, நிமிருங்க! உங்க பறவை வந்திருச்சு!”

படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த அந்த அம்மாள் நிமிரவில்லை. காலையில் குடித்த காபி எப்போதோ கடலுக்குப் போய்விட்டது. இப்போது குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது.

வழிகாட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “பத்து மணிக்கு! எல்லாரும் பத்து மணிக்குப் பாருங்க!” என்று கத்தினார். படகின் முனையைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டு திசை சொல்வது, கடலுக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டும் இந்தத் தொழிலின் வழக்கம். அது தெரியாத ஒரு புதியவர் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்றப் பத்துப் பேரும் தொலைநோக்கியை இடப்பக்கம் திருப்பினார்கள்.

புயல்குருவிதான். உள்ளங்கையில் அடங்கிவிடும் கறுப்புப் பறவை, அலையின் மேல் காலால் தத்தித் தத்தி நடந்தது. ஒரே நிமிடம் போக்குக் காட்டிவிட்டுக் காணாமல் போனது.

“பாத்தீங்களாம்மா?”

அவர் தலை லேசாக ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, அலை ஆட்டியதா என்று சொல்ல முடியாது. வழிகாட்டி ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னே? ஏழு மாதத் தவம் அல்லவா! முதல் முறை வந்தபோது நிரப்பிய படிவத்தில், ‘மிகவும் பார்க்க விரும்பும் பறவை’ என்ற கட்டத்தில் அந்த அம்மாள் எழுதியது இந்தக் குருவியைத்தான். ‘அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது’ என்ற கட்டத்தில் வழிகாட்டியின் போன் நம்பரையே எழுதி வைத்திருந்தார். படிவத்தை யார்தான் ஒழுங்காக நிரப்புகிறார்கள் என்று வழிகாட்டி அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார். பறவைக் கட்டம் மட்டும் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. தனியாக வருவார், கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவார், ஆறு மணி நேரம் வாந்தி எடுப்பார், தனியாகப் போவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

“அந்தம்மா பறவை பாக்க வரல சார், மீனுக்குச் சாப்பாடு போட வர்றாங்க” என்பார் படகு ஓட்டுநர்.

“சும்மா இருங்கண்ணே. ஒரே ஒரு பறவைக்காக இப்படி உயிரை விடுற ஆளு ஆயிரத்துல ஒருத்தர்” என்பார் வழிகாட்டி. பறவைப் பைத்தியங்களின் கணக்கே அப்படித்தான். கடலுக்கு வருகிறவர்கள் பறவைக்காக அல்லாமல் வேறு எதற்காக வருவார்கள்?

மூன்று மணிக்குப் படகு துறையை நெருங்கியது. இறக்கிவிடுவதற்கு முன்னால் தலை எண்ணுவது விதி. வழிகாட்டி விரல் நீட்டி எண்ணினார். பதினொன்றோடு நின்றது. மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

“யாரும் இறங்காதீங்க! ஒருத்தர் குறையுது!”

ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். ஒருவர் கழிவறைக் கதவைத் தட்டினார். இன்னொருவர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். “கடைசி பெஞ்சு அம்மாவைக் காணோம்! அம்மா! அம்மா!” என்று படகே சேர்ந்து கூப்பிட்டது.

ஓட்டுநர் அறைக்குப் பின்னாலிருந்து அவர் மெல்ல வந்தார். ஆறு மணி நேரம் வாடிக் கிடந்த முகம் பூத்திருந்தது.

“இங்கதான் இருக்கேன்.”

“எங்கம்மா போனீங்க? எனக்கு உயிரே போயிருச்சு!”

“அப்படியா?” என்று கேட்டார் அவர், ஏதோ பரிசு கிடைத்தாற்போல.

எல்லாரும் இறங்கினார்கள். இறங்கியதும் இறங்காததுமாகப் பதினொரு பேரும் போனை எடுத்து, “வந்து சேந்துட்டேன்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் மிதவைச் சட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி சிரித்த முகத்தோடு அருகில் வந்தார்.

“ஒரு வழியா உங்க பறவையைப் பாத்தாச்சு. இனிமே உங்களுக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம்மா. அடுத்த மாசச் சீட்டை வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிற ஒருத்தருக்குக் கொடுத்துடப் போறேன்.”

பூத்த முகம் அப்படியே வாடியது.

“நான் அந்தக் குருவியப் பாக்கலையே, தம்பி.”

“பாக்கலையா? தலையாட்டினீங்களே!”

“பாக்கல. அதனால என் சீட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க.”

வழிகாட்டிக்கு மனசு கேட்கவில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு எட்டாவது முறையா?

“பரவாயில்லம்மா. புயல் அடிச்சா அதுங்க கரைப் பக்கமே ஒதுங்கும். நான் போன் பண்றேன். துறையில நாற்காலி போட்டு, டெலஸ்கோப் வச்சு, நானே காட்டுறேன். ஆட்டம் இல்ல, வாந்தி இல்ல.”

“வேண்டாம் தம்பி. படகுலயே வர்றேன்.”

“அதே பறவைதானேம்மா? கரையில பாத்தா என்ன குறைஞ்சிடும்?”

அந்த அம்மாள் ஈர மிதவைச் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதை விடவில்லை.

“கரையில என்னை யாரும் எண்ண மாட்டாங்களே, தம்பி.”