தற்காலிகம்

பிற்பகல் வெயில் ஜன்னல் திரையின் இடுக்குகள் வழியாகக் கீபோர்டின்மேல் கோடுகோடாக விழுகிறது. மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் பெண் கண்ணைக் கம்ப்யூட்டர் திரையைவிட்டு எடுக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. போன வாரம் ஓட்டிய நாற்பத்தொரு சோதனைகளும் தேறியிருக்கின்றன. ஆஸ்பத்திரிக்காகச் செய்த வலைப்பக்கத்தில் அபாய மணி அடிக்கிறதா என்ற சோதனையும் பச்சைதான். ஒரு வலைப்பக்கம் தானாகச் சத்தம் போடுவதை பிரவுசர் தடுத்துவிடும். வேறொரு சோதனைக்காக அவள் அந்தத் தடையை நீக்கியிருந்தாள். முடிந்ததும் மறுபடி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பின்னால் வந்த சோதனைகளெல்லாம் தடை இல்லாத பிரவுசரில் ஓடி ஜம்மென்று தேறிவிட்டன. வார்டில் இருந்த பிரவுசரில் தடை அப்படியே இருந்தது. நேற்றுக் காலை ஏழாம் கட்டிலுக்காக நர்ஸ் மேஜையில் திரை மின்னியிருக்கிறது. மணி வாயே திறக்கவில்லை. ஏழாம் கட்டில் இப்போது காலி.

"இது என்னம்மா?" பின்னால் நிற்கும் டீம் லீடரின் விரல் திரையைத் தொடுகிறது. தடையை நீக்கிய வரிக்குப் பக்கத்தில் அவள் குறித்த ஒரு சொல்: தற்காலிகம். அதன் கீழே அவரே எழுதியது: பார்த்தேன், சரி. விரல் அங்கேயே நிற்கிறது.

அவள் தடையை மறுபடி போடும், விட்டுப்போன அந்த ஒற்றை வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டுகிறாள். பச்சை, பச்சை, பச்சை. மணியின் இடத்தில் சிவப்பு. ஏசி இரைகிறது.

"இந்த வரிய போன வாரத் தேதியில போட முடியுமா?"

"இன்னிக்குத் தேதிதான் சார் விழும்."