தேக்குத் தரையில் கோமாதா

பளபளவென்றிருந்த தேக்குத் தரையில் பசுவின் முன்னங்கால் சறுக்கியது. அடைக்கலம் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, கன்றுக்குட்டியையும் அதன் பின்னாலேயே உள்ளே தள்ளிவிட்டார்.

"ஐயா, மாட்டை வெளிய ஓட்டுங்க. குளம்பு பட்டாத் தரை பள்ளமாயிடும்" என்று வாசலிலிருந்தே கத்தினாள் மணிமேகலை. சேதி கேட்டு, கைலாசபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் அடித்துப்பிடித்து வந்திருந்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க டீச்சர். லட்சுமி உள்ள வர்ற நேரம், அபசகுனமாப் பேசாதீங்க."

சமயபுரம் போகிற வழியில் இருக்கும் சின்ன ஊர் அது. ஊர்ப் பொது இடத்தில் உள்விளையாட்டு அரங்கம் வரவேண்டும் என்று நாலு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் மணிமேகலை, பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். கமிட்டித் தலைவர் என்று மாலை வாங்கிக்கொள்ள மட்டும் கழுத்தை நீட்டியவர் அடைக்கலம்.

வருகிற மார்கழியில் முந்நூறு பேர் ஆடும் ஷட்டில் போட்டி இங்கே நடப்பதாக ஏற்பாடு. ஐந்து நாளும் லாட்ஜ் நிறையும், ஆட்டோ ஓடும். தெருக்கோடி காளியாயிகூட அதை நம்பி இன்னொரு இட்லிக் கொப்பரை வாங்கிவிட்டாள். போட்டி நடத்துகிற சங்கத்து அதிகாரி பத்து மணிக்கு வந்து தரையைப் பார்த்துச் சரி சொல்லவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

ஒன்பதுக்கு ரிப்பன் வெட்டுவதாகத்தான் பேச்சு. இந்த மனுஷரோ விடியும்போதே ஐயரைக் கூட்டிவந்து, ஆடுகளத்தின் நட்டநடுவில் செங்கல் அடுக்கி ஹோமமே நடத்தி முடித்திருந்தார். செங்கலை எடுத்த இடத்தில் மரம் கரிந்து, தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம்.

மணிமேகலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் இவரை உட்காரவைத்து, இந்தத் தரைக்கு எதெல்லாம் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். நெருப்பு ஆகாது, தண்ணீர் ஆகாது, கனமான எதுவும் மேலே ஏறக்கூடாது. இரண்டு தரம் திரும்பத் திரும்ப வேறு கேட்டுக்கொண்டார். மண்டைக்குள் இடம் இருந்தால்தானே தங்கும்.

"தலைவரே, போதும். பூசணிக்காயையாவது வாசல்ல உடைங்க."

"திருஷ்டி உள்ளதான இருக்கு டீச்சர்? வாசல்ல உடைச்சா அது எப்படிப் போகும்?"

எரிகிற கற்பூரத்தோடு பூசணிக்காய் நடுத்தரையில் சிதறியது. அடுத்து நாலு குடம் கலசத் தண்ணீர், மூலைக்கு ஒரு குடமாக. கன்றுக்குட்டி தன் பங்குக்கு நீரை விட்டது. கூட்டம் "கோமியம், கோமியம்" என்று தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டது.

குறுக்கே போய் நின்ற மணிமேகலையின் கையைக் காளியாயி பிடித்து இழுத்தாள். "பூசைய நிறுத்தாத தாயி. போட்டி நல்லா நடக்கணும்னுதானே செய்யிறாக."

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பலகை இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் இறங்கியிருந்ததைக் குனிந்து தடவினார். குளம்புக் குழியில் ஷூ நுனியை வைத்து அழுத்தினார்.

"இதுல ஆட விட்டா புள்ளைங்க முழங்கால் போயிடும்மா. மொத்தத்தையும் பேத்துட்டுப் புதுசாத்தான் போடணும். போட்டிய வேற ஊருக்கு மாத்திடுறோம்."

கார் கிளம்பிப் போனது. கூட்டமும் சுண்டலை வாங்கிக்கொண்டு கலைந்தது. காளியாயி மட்டும் சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றாள்.

மணிமேகலை அடைக்கலத்தின் முன்னால் வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"மாட்டுக்காவது தரை வழுக்குதுன்னு தெரிஞ்சுது. தயங்கி நின்னுது. உங்களுக்கு அதுகூடத் தெரியல."

அடைக்கலம் தலையைத் தொங்கப்போட்டார்.

"மழை பேஞ்சா ஆட முடியாது, காத்தடிச்சா ஆட முடியாதுன்னு என் புள்ளைங்க நாலு வருஷம் காத்துக் கெடந்துச்சுங்க. இந்தத் தரைய வாங்க நான் யார் யார் முன்னாடி நின்னேன்னு தெரியுமா? இனி எவன் தருவான்? உங்களத் திட்டி என்ன பண்ண. களிமண்ணக் கொண்டுபோய்த் தலைவரா உக்காரவச்ச இந்த ஊரச் சொல்லணும்."

"எனக்கு அவ்வளவுதான் டீச்சர் அறிவு" என்றார் அவர், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தபடி.

அதற்குமேல் பேசக்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. காளியாயியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வண்டிச் சத்தம் ரோட்டு முனையில் தேய்கிறவரைக்கும் அடைக்கலம் தலை நிமிரவில்லை. பிறகு நனையாத ஒரு பலகையாகப் பார்த்து உட்கார்ந்து, போனை எடுத்தார்.

"மச்சான், தை முகூர்த்தத்துக்கு புக்கிங் எடுத்துக்க, மண்டபம் ரெடி."