ஓரத்து வெளிச்சம்

பேருந்து ஓட்டும் அக்கா, மங்கிய அறையில், கண் சோதனைக் கருவியின் தாங்கியில் மோவாயை ஊன்றி, கிண்ணம் போன்ற அதன் வெள்ளைக் குடைவின் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூளைக்கடியில் வளர்ந்த கட்டி பார்வை நரம்பை அழுத்துகிறது என்று நேற்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அறியத்தான் இந்தச் சோதனை. மூன்று மாதமாகக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டவளை, "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று கேலி செய்த தம்பி, இப்போது சுவரோரம் நிற்கிறான். குடைவின் எந்தப் பக்கம் வெளிச்சப் பொட்டு தெரிந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நடுவில் தெரிகிறது, அமுக்குகிறாள். பிறகு வெகுநேரம் எந்தப் பொட்டும் தெரியவில்லை, கருவியின் முனகல் மட்டும் கேட்கிறது. "தெரியலன்னாலும் அமுக்கிடுக்கா. இல்லன்னா வண்டியவிட்டு எறக்கிடுவாங்க," என்று தம்பி கிசுகிசுக்கிறான். "ரோட்டு ஓரத்துல ஓடிவர்ற பிள்ளை என் கண்ணுல படலன்னா? வாய மூடிட்டு நில்லுடா." அவள் கட்டைவிரல் பொத்தான்மேல் அசையாமல் கிடக்கிறது. நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வழிந்தும் அவள் துடைக்கவில்லை. கருவியிலிருந்து வெளிவந்த தாளில் பார்வை போன இரண்டு ஓரமும் கறுத்திருக்கிறது. டாக்டரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கட்டிய மூக்கு வழியா எடுத்துடலாம். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதும்மா," என்கிறாள். "நாளைக்கே எடுத்துடுங்க," என்று எழுகிற அக்கா, தம்பியின் பக்கம் முகத்தை முழுதாகத் திருப்புகிறாள். "டிப்போவுக்குப் போனப் போடுடா. அக்கா இப்ப எறங்கிக்கிறா, கண்ணு திரும்புனதும் ஏறிக்குவான்னு சொல்லு."