பெர்கோலாவுக்குக் கீழே கல்யாணம்

“இரும்பு வேணாம்க்கா. மாமல்லபுரத்து உப்புக் காத்துல துரு ஏறிடும். தேக்குலயே தூண் நட்டு, மேல சட்டம் அடிச்சு, கொடிப்பந்தல் மாதிரி பெர்கோலா போட்டுடலாம்,” என்றார் மேஸ்திரி பூபாலன், பின்முற்றத்தை அளந்தபடி.

“போடுப்பா. கல்யாணமே அதுக்குக் கீழதான்,” என்றாள் மேரி.

அவள் அண்ணன் சின்னையன் சீறினார். “சொந்தத்துல ஒருத்தரும் வர மாட்டோம். ஊர்ல எங்களத் தலைகாட்ட முடியாம பண்ணிகினு கீறியே.”

“வராட்டிப் போண்ணே. உங்க பேச்சக் கேட்டுகினு இருந்ததெல்லாம் போதும்.”

பூபாலன் பேச்சை மாற்ற நினைத்து, மேரியின் மகள் ஜாய்ஸைப் பார்த்துச் சிரித்தார். “மாப்ள இன்னா பண்றாரும்மா?”

“போன வருசம் ரிட்டயர் ஆயிட்டாருண்ணே.”

பூபாலன் திகைத்தார்.

“கல்யாணப் பொண்ணு நான் இல்லண்ணே, அம்மா. அப்பா தவறிப் பத்து வருசமாச்சு.”

மேரி தலைகுனியவில்லை.

“நல்லா உசரமாவே போடு பூபாலா. தெருவுல போறவங்களுக்கும் தெரியட்டும்.”