உடைசல்

"ஒண்ணும் புரியாத மனுஷன் தலையில ஒயரைக் கட்டி வேடிக்கை காட்டப் போறியேம்மா கிரேசி, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா?"

லாரன்ஸ் போட்ட சத்தத்தில் சர்ச் மண்டபமே திரும்பிப் பார்த்தது. கிரேசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போன புருஷன் பிலோமின்ராஜுக்கு, தான் சொல்வதாவது புரிகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள். புரியாது என்றால், திங்கட்கிழமை அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவதாக அவருடைய அண்ணன் லாரன்ஸ் பேசி முடித்துவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சாவணும் மாமா."

"பகல் பூரா அவன்கூட உக்காந்திருக்கறவன் நானு! எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். கிரேசி பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனபின், தம்பிக்குத் துணை லாரன்ஸ்தான். அண்ணன் என்றால் இப்படி இருக்கணும் என்று தெருவே மெச்சும். மெச்சுவதற்கென்ன, காசா பணமா? மண்டபத்திலும் எல்லாரும் அவருக்கே தலையாட்டினார்கள்.

சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த கயல்விழி, சின்னச் சின்ன விளக்குகள் பதித்த தொப்பியை பிலோமின்ராஜுக்கு மாட்டினாள். 2008-இல் அப்படியொரு மெஷினை ஊரில் யாரும் பார்த்ததில்லை. காதில் வார்த்தை விழுந்ததும் மூளையில் எங்கே ரத்தம் கூடுகிறது என்று அந்த வெளிச்சம் காட்டிக்கொடுக்குமாம்.

முதலில் அர்த்தமில்லாத சத்தங்கள். கம்ப்யூட்டரில் கோடு படுத்தே கிடந்தது.

அப்புறம் ஊரில் புழங்கும் வார்த்தைகள். சூளை, களிமண், பொம்மை, உடைசல். கோடு எழுந்தது.

"அக்கா, இவருக்கு நல்லாப் புரியுதுங்க!"

கிரேசி வாய்விட்டு அழுதாள். மண்டபம் கைதட்டியது.

"ஒண்ணு மட்டும் விளங்கலைக்கா," என்றாள் கயல்விழி. "உடைசல்னு வர்றப்பல்லாம் கோடு எகிறுது. வரிசையை மாத்தி மாத்திப் போட்டாலும் அப்படித்தான். கண்ணுலயும் தண்ணி வருது. உடைசல்னா உடைஞ்ச பீங்கான்தானே?"

"ஆமாங்க. எதுக்கும் உதவாதுன்னு குப்பையில கொட்டுவோமே, அது. ஆனா எங்க வூட்ல நான் அந்த வார்த்தையே..."

கிரேசி பாதியில் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள்.

லாரன்ஸ் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க மாமா. பகல் பூரா பக்கத்துல உக்காந்து, எம் புருஷனை என்னான்னு கூப்பிட்டீங்க?"